2024-இல் எனக்குப் பிடித்த பத்து ஆல்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘இந்த வருஷத்தின் சிறந்த ஆல்பங்கள்’ என்று போடாமல் ‘பிடித்த ஆல்பங்கள்’ என்று ஏன் போடுகிறாய்?

சிறந்தது எது என்று சொல்ல வேண்டுமானால் அந்த வருஷம் வந்தது எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். அது யாராலும் முடியாது. 2024-இல் நான் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல், குறைந்தது மூன்று முறை கேட்டவை அறுபது ஆல்பங்களுக்கு உள்ளேதான் இருக்கும். அந்த அறுபதில் எதை முடித்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து போடத் தோன்றியதோ அதுதான் என் பட்டியலில் வரும். என் கேள்வி அவ்வளவுதான்: முழுசாகக் கேட்டேனா, திரும்பப் போனேனா?

சரி, பட்டியலை முதலில் சொல்லிவிடு.

முதலிடம் உருதுவிலும் ஆங்கிலத்திலும் பாடும் அரூஜ் அஃப்தாபின் ‘நைட் ரெய்ன்’. இரண்டாவது தி கியூர் குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’, மூன்றாவது பெத் கிப்பன்ஸின் ‘லைவ்ஸ் அவுட்குரோன்’. நான்காவது ஷபாகாவின் ‘பெர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலெட்ஜ் இட்ஸ் கிரேஸ்’. ஐந்தாவது கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’. அப்புறம் பில்லி ஐலிஷின் ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’, ஏட்ரியன் லென்கரின் ‘பிரைட் ஃப்யூச்சர்’, பியான்சேயின் ‘கௌபாய் கார்ட்டர்’, நிக் கேவ் அண்ட் தி பேட் சீட்ஸின் ‘வைல்ட் காட்’, கடைசியாக கென்ட்ரிக் லமாரின் ‘ஜிஎன்எக்ஸ்’.

பத்தாவது இடத்துக்குத்தான் ரொம்ப நாள் இழுபறி. நவம்பர் 22-ஆம் தேதி முன்னறிவிப்பே இல்லாமல் ‘ஜிஎன்எக்ஸ்’ வந்தது, பன்னிரண்டு பாட்டு, அந்த வாரமே அது உள்ளே வந்துவிட்டது.

முதலிடம் ஏன் ‘நைட் ரெய்ன்’?

மே 31-ஆம் தேதி வந்தது, ஒன்பது பாட்டுகள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். வந்த அன்று இரவே கேட்டேன். அதற்கு அப்புறம் வருஷம் முடியும்வரை அதைப் பகலில் போட எனக்கு மனசே வரவில்லை, ஏனென்றால் அதில் உள்ள ஒவ்வொரு ஒலியும் இருட்டுக்காகவே செய்தது போல இருக்கிறது. ஹார்ப் நரம்பை ஒருவர் தொடுகிறார், அந்த ஒலி தேய்ந்து முடியும்வரை வேறு எந்தக் கருவியும் குறுக்கே வருவதில்லை. அஃப்தாபின் குரல் அந்தக் காலி இடத்தில் மெதுவாக இறங்குகிறது. குரலை உயர்த்துவதே அபூர்வம். உச்சத்துக்குப் போய்த்தான் கேட்கிறவரை உலுக்க வேண்டும் என்ற பழக்கம் அவரிடம் கிடையாது.

‘ஆட்டம் லீவ்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் பாடகர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பாடிவிட்ட பழைய மெட்டு, இனி அதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அதில் இருந்த அலங்காரத்தை எல்லாம் கழற்றிவிட்டார். பேஸ் நடந்துகொண்டே இருக்கிறது, மற்றதெல்லாம் நிழல் மாதிரி வந்து போகிறது, தெரிந்த மெட்டு தெரியாத ஊருக்குள் நுழைந்துவிட்டது போல ஆகிறது. ‘ராத் கி ராணி’ இன்னொரு அதிசயம். குரலைச் சீராக்குகிற ஆட்டோடியூன் கருவியை அதில் வெளிப்படையாகவே பயன்படுத்தியிருக்கிறார். பாப் பாட்டுகளில் பளபளப்புக்காகப் போடுகிற அதே கருவி இங்கே குரலைக் கொஞ்சம் மங்கலாக்கி, பூ வாசனை தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு மயக்கத்தைத் தருகிறது.

உருது தெரியாமல் அதை எப்படி முதலிடத்தில் வைக்க முடியும்?

எனக்கு உருது தெரியாது, உண்மைதான். முதல் பத்து முறை அர்த்தமே தெரியாமல்தான் கேட்டேன். ஒரு சொல்லை அவர் எவ்வளவு நேரம் வாயில் வைத்திருக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார், எந்த இடத்தில் ஒரு எழுத்தைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார் என்பதெல்லாம் மொழி தெரியாதவருக்கும் கேட்கும். சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே கேட்கும்.

ஆனால் அர்த்தத்தைத் தேடாமல் அங்கேயே நின்றுவிடுவதும் சரியில்லை. ‘நா குல்’ பாட்டின் வரிகள் மஹ் லகா பாய் சந்தா எழுதியவை. 1768-இல் பிறந்து 1824-இல் இறந்த ஹைதராபாத்துக் கவிஞர், நடனமும் இசையும் தெரிந்தவர், உருதுக் கவிதைகளைத் தனித் தொகுப்பாக விட்டுச்சென்ற முதல் பெண்களில் ஒருவர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் எழுதிய வரிகளை இன்னொரு பெண் நியூயார்க்கில் உட்கார்ந்து மெட்டுப் போட்டுப் பாடுகிறார் என்று தெரிந்த பிறகு நான் அந்தப் பாட்டைக் கேட்கிற விதமே மாறிவிட்டது. முதலில் காதில் விழட்டும், அப்புறம் அர்த்தத்தைத் தேடிப் போகலாம், அப்புறம் மறுபடியும் கேட்கலாம். இந்த வரிசையில் எனக்கு எதுவும் குறைந்ததில்லை.

தி கியூர் பழைய குழு ஆயிற்றே, பாசத்தில் கொடுத்த இடமா?

பாசம் இருக்கிறது. ஆனால் இரண்டாம் இடம் அதனால் வரவில்லை. இதற்கு முந்தைய ஆல்பம் 2008-இல் வந்தது. பதினாறு வருஷம் கழித்து, நவம்பர் 1-ஆம் தேதி இது வந்தது. இதில் சில பாட்டுகளை 2022-லிருந்தே மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ரசிகர்கள் பலருக்கு அவை ஏற்கெனவே பழக்கம். அப்படியும் ஆல்பமாக வரிசையில் கேட்டபோது கனமே வேறாக இருந்தது.

மொத்தம் எட்டே பாட்டு. முதல் பாட்டு ‘அலோன்’ தொடங்கி மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது, குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறப்பதற்கு. அந்த மூன்று நிமிடத்தையும் டிரம்ஸும் கீபோர்டும் கிட்டாரும் அவசரமே இல்லாமல் நிரப்புகின்றன. இன்றைக்கு எல்லாப் பாட்டும் முதல் பத்து விநாடிக்குள் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்று நினைக்கிற காலத்தில் இப்படிக் காக்க வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். முதல் தடவை கேட்டபோது குரல் வந்த கணத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டேன். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. குரல் என்னவோ நாற்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே இருக்கிறது, பாடுகிற விஷயம்தான் மாறியிருக்கிறது. முன்பு துக்கத்தைக் கற்பனை செய்து பாடினார். இப்போது நிஜமாகவே ஆட்கள் போய்விட்டார்கள். ‘ஐ கேன் நெவர் சே குட்பை’ இறந்துபோன அண்ணனுக்காக எழுதியது.

கடைசிப் பாட்டு ‘எண்ட்சாங்’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, குரல் வர ஆறு நிமிடம் ஆகிறது. ஒரு ஆள் இருட்டில் வெளியே நின்று நிலாவைப் பார்த்து, எனக்கு எப்படி இவ்வளவு வயதாயிற்று என்று யோசிக்கிறார். அந்தப் பாட்டை மட்டும் தனியாகப் போட்டால் அது நீளமாகத் தெரியும். முன்னால் உள்ள ஏழு பாட்டையும் கடந்து வந்தால் நீளமே தெரியாது. ஆல்பத்தை வரிசையாகக் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பெத் கிப்பன்ஸ் யார்? இதற்கு முன் கேள்விப்பட்டதில்லையே.

போர்டிஸ்ஹெட் குழுவின் பாடகி. 1994-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘டம்மி’ வழியாகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். அந்தக் குழுவின் ஒலிக்கு அடித்தளமே துண்டுதுண்டாக வெட்டி ஒட்டிய டிரம்ஸ் தாளம். ‘லைவ்ஸ் அவுட்குரோன்’ செய்யும்போது அந்த அடையாளத்தையே வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார். வழக்கமான ஸ்னேர் டிரம் சத்தத்தை விட்டுவிட்டு, டாக் டாக் குழுவின் டிரம்மர் லீ ஹாரிஸோடு சேர்ந்து, வீட்டில் கிடக்கும் பாத்திரம் பெட்டி போன்றவற்றையெல்லாம் தட்டித் தாளம் கட்டியிருக்கிறார்கள். கேட்கும்போது அது விளையாட்டாகத் தெரியாது. மரமும் தோலும் நெஞ்சுக்குள் அதிர்கிற மாதிரி இருக்கும்.

பத்துப் பாட்டு, ஏறத்தாழ பத்து வருஷ வேலை. வயதாவது, உடம்பு மாறுவது, நெருங்கியவர்களை ஒவ்வொருவராக வழியனுப்புவது, இவைதான் விஷயம். ‘ஃப்ளோட்டிங் ஆன் எ மொமென்ட்’ முடிகிற இடத்தில் குழந்தைகள் குரல் சேர்கிறது. சாவைப் பற்றிய பாட்டில் குழந்தைகள் பாடுவதைக் கேட்டு முதல் முறை நான் அழுதேன், இரண்டாம் முறையும்.

நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றோடு ஒன்று தொடர்புள்ளவையா?

ஆமாம், அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஷபாகா ஹட்சிங்ஸ் சாக்ஸஃபோனில் இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய கலைஞர்களில் ஒருவர். 2023 முடியும்போது அந்தக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ஜப்பானிய ஷாகுஹாச்சி முதலான புல்லாங்குழல்களுக்குப் போய்விட்டார். பேர் வாங்கித் தந்த கருவியை விட்டுவிட்டு, மூச்சை எப்படி விடுவது என்பதிலிருந்து மறுபடியும் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை. 1964-இல் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவுசெய்த அதே வான் கெல்டர் ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்திருக்கிறார். ‘ப்ரீதிங்’ என்ற பாட்டில் ராஜ்னா சுவாமிநாதனின் மிருதங்கம் வருகிறது. தனி ஆவர்த்தனம் போல முன்னே வந்து நிற்காமல், குழலின் மூச்சுக்குக் கீழே நாடித்துடிப்பு மாதிரி அது ஓடுகிற விதத்தை நல்ல ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கடைசிப் பாட்டில் ஷபாகாவின் அப்பா, கவிஞர் அனும் இயாபோ, தன் கவிதையைத் தானே சொல்கிறார்.

பாடகி கானவ்யாவின் ஆல்பத்திலும் ஷபாகா இருக்கிறார். பியானோ கலைஞர் விஜய் ஐயர், எஸ்பரன்சா ஸ்பால்டிங் எல்லோரும் உண்டு. ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஒன்றாகக் கூட்டி, ஒரு சடங்கு போல நடத்திய கூடுகையிலிருந்து பிறந்தது இது. ஜான் கோல்ட்ரேன், ஆலிஸ் கோல்ட்ரேன் இருவர் மீதுமுள்ள பக்திதான் இதன் ஆதாரம். கூட்டமாக ஜபம் மாதிரி எழுகிற குரல்களுக்கு நடுவே கானவ்யாவின் குரல் தனித்துப் பிரியும், அப்புறம் மறுபடியும் கூட்டத்துக்குள் கரைந்துவிடும். இதே கானவ்யா 2018-இல் ‘ஐக்கியம்: ஒண்ணு’ என்ற ஆல்பத்தில் பழைய ஜாஸ் பாட்டுகளைத் தமிழாக்கிப் பாடியிருக்கிறார். தமிழ் கேட்கிற காதுக்கு அது ஒரு தனி இன்பம், தேடிக் கேளுங்கள்.

பில்லி ஐலிஷ் எல்லோரும் கேட்பதுதானே? அதற்கு ஏன் இடம்?

எல்லோரும் கேட்பதால் நன்றாக இல்லாமல் போய்விடுமா? ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’ வருவதற்கு முன் அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, விடவில்லை. பத்துப் பாட்டும் ஒரே நாளில், மே 17-ஆம் தேதி வந்தன. முழுசாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவரும் அண்ணன் ஃபின்னியஸும் அதைக் கட்டியிருக்கிறார்கள். முதல் பாட்டில் மேடையை விட்டு இறங்கினால் தான் ஒரு கூண்டுப் பறவை என்று பாடுகிறார். கடைசிப் பாட்டில் அதே கூண்டுப் பறவை திரும்ப வருகிறது. பாட்டுகளைப் பிய்த்துப் பிய்த்துக் கேட்டால் இது கண்ணில் படவே படாது. ‘லாமூர் டி மா வீ’ பாதி வரை மெதுவான பாட்டாகப் போய், திடீரென்று வேகமான எலக்ட்ரானிக் பாட்டாக மாறுகிற இடமும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

‘கௌபாய் கார்ட்டர்’ 2025 பிப்ரவரியில் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ கிராமி விருது வாங்கியது. உனக்கு ஏன் எட்டாவதுதான்?

நீளம். 27 தடங்கள், 78 நிமிடம். அதில் ஐம்பது நிமிடம் அபாரமானது. லிண்டா மார்ட்டெல் என்ற கறுப்பினக் கண்ட்ரி பாடகி 1970-இல் ஒரே ஒரு ஆல்பத்தோடு துறையிலிருந்து ஒதுங்க வேண்டி வந்தது. அவர் குரலை இதில் பேச வைத்ததற்காகவே பியான்சேக்கு நன்றி சொல்வேன். ஆனால் முடித்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து போட ஒவ்வொரு தடவையும் தோன்றியதா என்றால், எனக்குத் தோன்றவில்லை.

சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ எங்கே?

உடன் இருந்தவர்களோடு ஆடுவதற்கு 2024-இல் அதைவிட நல்ல ஆல்பம் இல்லை. தனியாக உட்கார்ந்து கேட்கும்போது என்னிடம் அது அவ்வளவு பேசவில்லை. சார்லி எக்ஸ்சிஎக்ஸ் அக்டோபரில் வேறு பாடகர்களைச் சேர்த்து அதே பாட்டுகளை மாற்றிப் போட்டாரே, அந்த வடிவம் எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

ஆல்பம் என்று எதைக் கணக்கில் எடுக்கிறாய்?

அந்தச் சொல்லே ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடம்தான் பிடிக்கும். அதனால் நீளமான இசையைப் பல தட்டுகளாக்கி, புகைப்பட ஆல்பம் மாதிரி கட்டிய உறைகளில் விற்றார்கள். 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது, நாற்பது நிமிட ஆல்பம் என்ற அளவு நிலைத்தது. 1982-இல் வந்த சிடி அதை 74 நிமிடமாக்கியது. இப்போது எல்லையே இல்லை.

கிராமி விதிப்படி, ஐந்து தனித்தனிப் பாட்டும் பதினைந்து நிமிடமும் இருந்தால் ஆல்பம். இல்லையென்றால் முப்பது நிமிடம் இருக்க வேண்டும். நானும் கிட்டத்தட்ட அதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் கிராமியின் வருஷக்கணக்கு எனக்கு ஒத்துவராது. 2025 விழாவுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை வந்தவை. எனக்கு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, அதனால் பட்டியலை ஜனவரிக்குப் பிறகுதான் முடிக்கிறேன்.

சினிமாப் பாட்டு ஏன் ஒன்றுகூட இல்லை?

அதற்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். படத்தில் வரும் பாட்டு காட்சிக்காகப் பிறந்தது, படம் வருவதற்கு முன்பே ஒவ்வொன்றாக வெளியாகிறது, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்பதற்கென்று வரிசைப்படுத்தியது அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டுக்கும் அநியாயம். ஆல்பம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் ஒரு சினிமா இசையமைப்பாளர்தான்: 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. படம் இல்லை, பாட்டு வரி இல்லை, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக வயலின்கள் பேசிக்கொண்டே போகும்.

வரிசை எப்படிப் போடுகிறாய்? மதிப்பெண் உண்டா?

உண்டு, ஆனால் பத்துக்கு இத்தனை என்று போடுவதில்லை. நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் ஒரு முறை இருந்தது: ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி, பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு 30-க்கு மேலும் போகக்கூடாது, 5-க்குக் கீழும் போகக்கூடாது. இதில் ஏமாற்ற முடியாது. ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். இந்த வருஷம் நான் கொடுத்தது மேலிருந்து கீழாக 22, 16, 14, 10, 9, 8, 6, 5, 5, 5. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் ஆறு புள்ளி இடைவெளி இருக்கிறதே, அதை எழுதிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

பாட்டுக் கேட்கிற செயலியே வருஷக் கடைசியில் கணக்குக் காட்டுகிறதே, அது போதாதா?

அது நான் எதை அதிகம் ஓடவிட்டேன் என்று சொல்லும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டும் பத்து நிமிடம் ஓடும் ‘எண்ட்சாங்’கும் அங்கே ஒன்றுக்கு ஒன்று சமம். வேலை செய்யும்போது பின்னணியில் ஓடியதும், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டதும் அதற்கு ஒன்றுதான். நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்: தேதி, முழுசாகக் கேட்டேனா இல்லையா, எந்த இடத்தில் நின்றேன். ‘நைட் ரெய்ன்’ பக்கத்தில் மட்டும் முப்பத்தொரு தேதி இருக்கிறது.

ஷஃபிள் போட்டு, அதாவது வரிசையைக் கலைத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மேலே சொன்ன கூண்டுப் பறவை போய்விடும், ‘எண்ட்சாங்’ வெறும் நீளமான பாட்டாகிவிடும். 2021 நவம்பரில் அடேல் தன் ‘30’ ஆல்பம் வந்த சமயம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஆல்பம் பக்கத்தில் தானாகவே ஷஃபிளாக ஓடுகிற ஏற்பாட்டை ஸ்பாட்டிஃபை எடுத்துவிட்டது. பாட்டுகளை வரிசைப்படுத்த ஒரு கலைஞர் வாரக்கணக்கில் யோசிக்கிறார். முதல் முறையாவது அந்த வரிசைக்கு மரியாதை கொடுங்கள். அப்புறம் உங்கள் விருப்பம்.

பத்தில் வராமல் போனதில் எதற்கு வருத்தம்?

சிண்டி லீயின் ‘டைமண்ட் ஜூபிலி’. 32 பாட்டு, இரண்டு மணி நேரம். மார்ச் மாதம் வந்தபோது ஸ்ட்ரீமிங் ஆப் எதிலும் இல்லை. யூடியூபில் ஒரே நீளமான வீடியோவாக இருந்தது, இல்லையென்றால் பழைய காலத்து ஜியோசிட்டீஸ் பக்கம் ஒன்றிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். தூரத்து ரேடியோவில் அறுபதுகளின் பாட்டு ஒன்று அலை மாறி மாறி வருகிற மாதிரி ஒரு அழகு அதற்கு. ஆனால் இரண்டு தடவைதான் முழுசாகக் கேட்க முடிந்தது, மூன்று முறை என்பது என் விதி, அதை இதற்காக மட்டும் தளர்த்த எனக்கு விருப்பமில்லை.

பட்டியல் போட்ட பிறகு மனசு மாறினால்?

மாறும். பட்டியலைத் திருத்த மாட்டேன், பக்கத்தின் ஓரத்தில் எழுதுவேன். அரூஜ் அஃப்தாப், விஜய் ஐயர், ஷாசாத் இஸ்மாயிலி மூவரும் சேர்ந்து செய்த ‘லவ் இன் எக்சைல்’ 2023-இல் வந்தது. அந்த வருஷப் பட்டியலில் அது இல்லை, ஏனென்றால் நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. ‘நைட் ரெய்ன்’ பிடித்துப்போய் அவருடைய முந்தைய வேலைகளைத் தேடிப் போனபோதுதான் கிடைத்தது. 2023 பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அதன் பெயரும் ‘ஜூன் 2024’ என்றும் எழுதியிருக்கிறது. 2024 பக்கத்திலும் இரண்டு விரல் அகலம் விட்டு வைத்திருக்கிறேன். சிண்டி லீயை மூன்றாம் முறை முழுசாகக் கேட்டதும் தேதியை அங்கே எழுத வேண்டும்.